எட்டுக் கைகளின் எஜமான்

பாறைப் பொந்துக்குள் துழாவிய பேய்க்கணவாயின் கை ஒன்று நண்டைப் பிடித்துவிட்டது. எட்டுக் கைகளுக்கும் எஜமானான பேய்க்கணவாயோ அப்போது மேலே போன படகை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, சாகிறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்” என்றது நண்டு. “என்னைப் பிடிக்கணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?”

“உன்னைப் பார்த்ததுமே.”

“நீங்க இன்னும் என்னைப் பார்க்கவே இல்லையே!”

பேய்க்கணவாய் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தது. உண்மைதான். “அப்படின்னா உன்னைப் பிடிக்கச் சொன்னது யாரு?” என்று கையிடமே கேட்டது.

கையோ, பக்கத்தில் ஒரு சிப்பி தட்டுப்பட, நண்டை விட்டுவிட்டு அதைத் தடவப் போய்விட்டது. நண்டு ஓட்டம் பிடித்தது.

அந்தப் பக்கமாக வந்த சின்ன மீன், “ஐயோ, நண்டு தப்பிச்சிருச்சே!” என்றது.

“தப்பிக்கல” என்றது பேய்க்கணவாய். “பாவமா இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்.”