பதினேழாம் எண் கழி

ஏரியைச் சுற்றிக் கட்டிய அந்தக் குடியிருப்பின் விதிப்புத்தகத்தில் வசுமதிக்கு மனப்பாடமாகத் தெரிந்த விதி ஒன்றுதான்: ஒரு வீட்டுக் கரையில் எது ஒதுங்கினாலும் அது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. அதனால் எல்லா வீட்டிலும் ஒரு நீண்ட மூங்கில் கழி இருந்தது. ஆகாயத்தாமரையோ செத்த மீனோ, கரை தொடுவதற்குள் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவார்கள். கழியே தண்ணீரில் போனாலும் எந்த வீட்டுடையது என்று தெரிய, குடியிருப்புச் சங்கம் ஒவ்வொன்றிலும் வீட்டு எண்ணைப் பெயின்டில் எழுதிவைத்திருந்தது.

அன்று மத்தியானம் அடுத்த வீட்டுச் செபஸ்தியான் பக்கமிருந்து நீலப் போர்வை மூட்டை ஒன்று மிதந்து வந்தது. அவர் கையில் கழியோடு தன் படித்துறையில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சார் அது?”

“நான் பார்க்கலை மேடம். நீங்களும் பார்க்காதீங்க. தள்ளிவிட்டுடுங்க.”

வசுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளினாள். மூட்டை கொஞ்சம் போய்த் திரும்பி வந்தது. இன்னும் அழுத்தித் தள்ளினாள். இந்த முறை இழுத்தபோது கழி வரவில்லை. பாசியில் மாட்டியிருக்கும் என்று நினைத்தாள். அப்போது கழி அவள் உள்ளங்கையில் இரண்டு தரம் மெதுவாக அதிர்ந்தது, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

“விட்டுடுங்க மேடம், கழி போனா போகட்டும்.” செபஸ்தியானின் குரல் இப்போது அவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வசுமதி விடத்தான் போனாள். கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் அவள் வீட்டு எண், பதினேழு என்று இருந்தது. கழி ஒரு சாண் தண்ணீருக்குள் போயிற்று. அவளும் ஒரு படி இறங்கினாள்.