ஒரு பிடிக் கிழங்கு

பொலிவியாவின் ஓரூரோ நகரச் சந்தையில் நீலத் தார்ப்பாய் வழியாக இறங்கும் வெயிலில் உருளைக்கிழங்குகூட நீலமாகத்தான் தெரிகிறது. நேற்று லா பாஸ் நாடாளுமன்றத்தில், தள்ளாடும் அரசாங்கத்தை ஒரே ஓட்டில் கரைசேர்த்து, டீசல் விலையை ஏற்றக் கைதூக்கிய எம்.பி. எல்விரா, வழக்கமான கடைமுன் பையை விரித்து நிற்கிறாள். கடைக்காரி ஓர்தென்சியா தேர்தலில் இவளுக்காகத் தொண்டை கட்டக் கத்தியவள். எப்போதும் "ஏண்டி, செத்தா போயிருந்தே இத்தன நாளா?" என்று வைபவள், இன்று "வாங்கம்மா, என்ன வேணும்?" என்கிறாள். எல்விரா சிரித்துப் பார்க்கிறாள். "என்னடி புதுசா வாங்கம்மா?" "பெரிய எடத்துல இருக்கீங்க. மரியாதை தரணும்ல." "கஜானால ஒண்ணுமில்லடி, வேற வழி தெரியல..." "கெழங்கு லாரியிலதாம்மா வருது." தராசு முள் நடுவில் நிற்கிறது. கிழங்கு பைக்குள் உருள்கிறது. எடை போட்டபின் ஒரு பிடி கொசுறு போடாமல் இந்தச் சந்தையில் யாரும் வாடிக்கையை அனுப்புவதில்லை. எல்விரா பையை மூடாமல் நிற்கிறாள். தெருவில் டீசலுக்கு வரிசைகட்டிய லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கின்றன. ஓர்தென்சியா குவியலில் கைவிட்டு நிறைய அள்ளுகிறாள். பையின் வாய் இன்னும் விரிகிறது. அள்ளிய கை அதைத் தாண்டி, பக்கத்தில் கிழங்கு வாங்கி நிற்பவளின் கூடைக்குப் போகிறது. "ஏண்டி, சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"