படத்துக்கு உட்கார்ந்தவள்

அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க வயசுல மூத்தது யாரும்மா?" முதலாளி மறுபடியும் கேட்டார்.

பட்டுப்புடவைப் பிரிவில் விற்கிற பெண்கள் மேசைப் புடவைகளில் கண்ணை வைத்துக்கொண்டார்கள்.

முதலாளியின் பக்கத்தில் கேமராவுடன் ஒருவர் நின்றார். விற்கிற பெண்கள் உட்கார ஸ்டூல் போட்ட கடை என்று மூத்தவள் ஒருத்தி உட்கார்ந்திருக்கும் படம் பேப்பரில் வரப்போகிறதாம்.

ஸ்டூல்கள் வந்து மாதம் ஒன்றாகிறது. மேலே சுற்றிய பாலித்தீன்கூடப் பிரியவில்லை.

உட்கார்ந்தவள் இசக்கியம்மாள் மட்டும்தான். காலில் நரம்பு சுருண்ட வலி பொறுக்காமல் ஒரு மத்தியானம் உட்கார்ந்தாள். மாடிப் பொறுப்பாளர் தளவாய் அவளிடம் பரிவாகத்தான் பேசினார்.

"முடியலைன்னா சொல்ல வேண்டியதுதானக்கா. வீட்ல இருந்து உடம்பைப் பாருங்க."

அதற்குப் பிறகு இசக்கியம்மாள் வரவில்லை.

"நம்ம அக்காதான் மூத்தவங்க." தளவாயின் விரல் இவளைக் காட்டியது.

ஞாயிறு தவறாமல் நரைக்கு மை பூசுகிறவள். படியேறும்போது யாராவது எதிரே வந்தால் கைப்பிடியை விட்டுவிடுகிறவள்.

உட்கார்ந்தாள்.

குதிகாலிலிருந்து இடுப்புவரை ஏதோ அவிழ்ந்து இறங்கியது. இத்தனை சுகமா! அழுகை முட்டியது.

"நல்லா சிரிங்கம்மா."

சிரித்தாள்.

வெளிச்சம் மின்னி அடங்கியது. முதலாளியும் கேமராக்காரரும் கீழே இறங்கிப் போனார்கள்.

"அவ்வளவுதான்க்கா. எந்திரிங்க," என்றார் தளவாய்.

முழங்கால் அசையவில்லை.

இன்னொரு முறை முயன்றாள். வலது கால் பூட்டிக்கொண்டிருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன கட்டையைப்போல் கிடந்தது.

மேசையில் விரிந்து கிடந்த புடவையை மடியில் இழுத்துப் போட்டாள்.

"முந்தி கசங்கிக் கிடக்கு அண்ணாச்சி. மடிச்சிட்டு எந்திரிக்கேன்."

தளவாய் நகரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

அடுத்த மேசையில் ரெஜினாவும் பார்த்தாள். சின்ன வயசு, வேகமான கை. இவளைத் தேடி வருகிற வாடிக்கைக்காரர்களைத் தன் பக்கம் இழுக்கிறாள் என்று பெரிய சண்டை. தீபாவளியிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

ரெஜினா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ரெஜினா தன் மேசையை விட்டு வந்தாள்.

"ஒத்த ஆளா எப்படி மடிப்பிய? அந்தத் தலைப்ப நான் பிடிக்கேன்."

புடவையின் மறுமுனையை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள். மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். இவள் கண்ணைப் பார்த்தாள்.

பிறகு சுருக்கம் எடுக்கிறவளைப்போல உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள்.

பட்டு விறைத்தது.

இவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். ஸ்டூல் கிறீச்சிட்டது.

எழுந்து நின்றுவிட்டாள்.

புடவை மடிக்க இருவரும் எதிரெதிரே நடந்து வரவேண்டும். இவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ரெஜினாதான் வந்தாள், போனாள், வந்தாள்.

மடிப்பு சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு கைக்கு அடக்கமாகிவிட்டது.

இனி அதைக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கவேண்டும்.

அலமாரி அந்தக் கோடியில் இருந்தது.

தளவாய் இன்னும் போகவில்லை.

ரெஜினா மடித்த புடவையைக் கையில் வாங்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"கரை சேரலக்கா," என்று சொல்லி, அதை முழுதாக உதறிப் பிரித்தாள்.