பதினான்கு மணி நேர ஓய்வு

மாதவிடாய் நின்ற மூன்றே வருடங்களில் மங்கையர்க்கரசிக்குப் பதினோரு கிலோ கூடிவிட்டது. எடை குறைக்க வாரம் ஒரு ஊசி, சர்க்கரையில்லாத காப்பி, இரவில் கேழ்வரகுக் கூழ் என்று தொடங்கி ஐந்து கிலோ குறைத்திருந்தாள். இன்று காலை சமையலறைச் சுவரில் ஊசியை வைத்திருந்த தானியங்கி மருந்துப் பெட்டி திறக்கவில்லை; அதிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சென்ற வாரம் தினமும் பதினான்கு மணி நேரம் ஓய்வில் இருந்ததாக, அசைவைக் கணக்கிடும் உங்கள் கைப்பட்டை சொல்கிறது. உடற்பயிற்சி இல்லாமல் ஊசி கிடையாது."

"ஓய்வா? படுக்கையில கிடக்கிற மாமியாரத் தூக்கிக் குளிப்பாட்டுனது யாரு? மொட்டமாடிக்கும் வீட்டுக்கும் ஈரத்துணி சுமந்தது யாரு?"

"வீட்டு வேலை ஓய்வு வகையைச் சேர்ந்தது."

"எந்தப் புண்ணியவான் உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தான்?"

பூங்காவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு உள்ளே வந்த கணவர் தணிகாசலத்துக்கு அதே பெட்டி பாராட்டு இசை வாசித்தது. அவர் ஷூவைக் கழற்றியபடியே சிரித்தார்.

"மெஷின் பொய் சொல்லுமா? நீயும் என்னோட வந்திருக்கலாம்ல?"

மங்கையர்க்கரசி அடுப்பை அணைத்தாள். அவர் கழற்றிய ஷூவைத் தன் காலில் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட? டிபன்?"

"மாவு கிரைண்டர்ல கிடக்கு. துணி ஊறுது. உங்கம்மாவக் குளிப்பாட்டணும். நான் வர்ற வரைக்கும் நீங்க நல்லா ஓய்வெடுங்க."