ஜீப் கேட்ட கேள்விகள்

பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் ஆறு மாதமாக நின்றிருந்த ஜீப்பின் மேல், வாங்க வந்த ரொசாரியோ தன் அலைச்சறுக்குப் பலகையை வைத்து அளவு பார்த்தான். பிறகு குனிந்து அடியில் துருவைத் தேடினான்.

"கடலுக்கா கூட்டிப்போவார்?" என்று ஜீப் பலகையிடம் கேட்டது.

"வாரம் தவறாம. மண்ரோடுதான் பாதி வழி."

"முந்தின வண்டி என்ன ஆச்சு?"

"உப்புக்காத்துல அடித்தகடு பொத்துப்போச்சு."

"கழுவவே மாட்டாரா?"

"என்னை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு வீட்டுக்குள்ள வைப்பாரே," என்றது பலகை.

சாவியைத் திருப்பினால் இருமிவிட்டு நின்றுவிடுவது என்று ஜீப் முடிவு செய்தது.

ரொசாரியோ ஏறி உட்கார்ந்தான். அந்த இருக்கையில் ஆள் கனம் பட்டு வெகுநாளாகியிருந்தது.

"கடல் எப்படியிருக்கும்?" என்று ஜீப் பலகையிடம் கேட்டது.

"போனாத்தான் தெரியும்."

ரொசாரியோ சாவியைத் திருப்பினான். ஜீப் முதல் திருப்பிலேயே உறுமிக் கிளம்பியது.