பொன்னாங்கண்ணி பார்த்த வைத்தியம்

அற்புதராஜ் வீட்டு மொட்டைமாடியில் இருந்த பொன்னாங்கண்ணிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருஷச் சர்க்கரை வியாதியால் அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கண்ணைத் தெளியவைக்கத்தான் இந்தக் கீரையைத் தொட்டியில் வைத்து வளர்த்தார்.

“கண்ணுன்னா அது நான்தான்” என்றது பொன்னாங்கண்ணி.

“சர்க்கரையை நான் இறக்காம நீ என்னத்தைக் கிழிக்கப் போறே?” என்றது பக்கத்துத் தொட்டியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான்.

இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றும் பூவாளிக்குச் சிரிப்பு வந்தது. “கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, ஒரு மாசமா அவர் சட்டைப்பையிலயே கிடக்குது. அவர் குனியும்போதெல்லாம் பார்க்கிறேன். அது இருக்கட்டும், வைத்தியருங்க ரெண்டு பேரும் ஏன் இப்படி வாடிக் கிடக்கீங்க?”

“வெயில் ஜாஸ்தி” என்று மழுப்பியது பொன்னாங்கண்ணி.

மறுநாள் காலையில் அற்புதராஜ் பூவாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். கீழே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி, “பிலோமினா, இந்தக் கீரையைச் சாப்பிட ஆரம்பிச்சதிலேருந்து எல்லாம் பளிச்சுனு தெரியுது” என்றார். சொல்லிக்கொண்டே பூவாளியைச் சாய்த்தார்.

தண்ணீர் அத்தனையும் தொட்டிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்து, ஓடி, மழைநீர்க் குழாய்க்குள் இறங்கிப் போனது. அவர் பூவாளியை அங்கேயே வைத்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார், கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி.

இரண்டு செடிகளும் அந்த ஈரத்தடத்தையே பார்த்தன. கடைசியில் பொன்னாங்கண்ணிதான் மெல்ல வாயைத் திறந்தது.

“பூவாளியண்ணே, அந்தச் சீட்டுல என்னைக்கு வரச்சொல்லிப் போட்டிருக்கு?”