தாய்மாமன் இடம்

அவர் உட்காரவில்லை.

மகளின் ஆய்வகத்தில் முழங்கால் வலியைக் காட்டிக்கொள்ள விருப்பமில்லை.

"காதுகுத்து விசேசத்த நிறுத்திடும்மா" என்றார்.

வந்தது அதைச் சொல்லத்தான்.

குறிஞ்சி, மகள் தத்தெடுத்த பிள்ளை. காது குத்தும்போது தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தாய்மாமன், அவருடைய ஒரே மகன் முத்தரசு, மடி தர மாட்டேன் என்றுவிட்டான். யார் பெற்றதோ என்றான். பந்தியில், பங்காளிகள் எல்லாரும் கேட்க.

அவர் குடும்பத்தில் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஆள் பிடித்து வந்து காது குத்துகிற குடும்பம் அல்ல அது.

மகள் வட்டத் தட்டு ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தாள்.

மூன்று புள்ளிகளில் ஈஸ்ட் வைத்திருந்தாள். முதலாவது வெண்மையாகத் திரண்டிருந்தது. நடுவில் வெறுமை. மூன்றாவதில் மறுபடி வெண்மை.

"மொதல்ல இருக்கறத நான் தொடல. நடுவுல அதோட மரபணு ஒண்ண எடுத்தேன். செத்துப்போச்சு. மூணாவதுலயும் எடுத்தேன். எடுத்த இடத்துல மனுசனோடத வெச்சேன்."

குனிந்து பார்த்தார்.

மூன்றாவது சற்று மெலிவு. ஆனால் உயிரோடு இருந்தது.

"ஒட்டு உறவு இல்லாததையா?"

"சொந்தந்தான். பிரிஞ்சு நூறு கோடி வருசத்துக்கு மேல ஆச்சு. அதோட பாத்தா குறிஞ்சி நமக்குப் பக்கத்து வீடுப்பா."

"எதை வெச்சாலும் பொழைச்சிடுமோ?"

"இல்ல. பாதிக்குப் பாதி செத்துரும். வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

தனக்குச் சாதகமாகக்கூடப் பொய் சொல்லாத பெண்.

அது அவர் வளர்ப்பு.

கைப்பேசி அடித்தது. முத்தரசு.

"சொல்லிட்டீங்களாப்பா? பங்காளிங்க கேக்குறாங்க. இல்ல, மடிய வாடகைக்கு எடுக்கப் போறாளாமா?"

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"வெள்ளிக்கிழமை காது குத்துறோம். நம்ம கோயில்லதான். சிரிச்சவனையும் கூட்டிட்டு வா."

வைத்துவிட்டார்.

மகள் அவரையே பார்த்தாள். "அண்ணன்தான் உக்கார மாட்டேங்குதேப்பா."



அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். மேசை விளிம்பைப் பிடித்தபடி மெல்லத் தரையில் இறங்கினார். வலது காலை மடக்கினார். இடது முழங்கால் மறுத்தது.

கையால் பிடித்து மடக்கினார்.

முகம் சுருங்கவில்லை.

"ஒரு காதுக்கு எவ்வளவு நேரமாகும்?"